உப்பில்லாத பிள்ளை

பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்த மகள் நிலக்ஷியை வாசல் இஸ்தோப்பிலேயே மடக்கிப் பிடித்து, கழுத்தில் ஒரு முத்தம் வைத்தாள் மீனம்மா. வைத்தவளுக்கு உதட்டில் ஏதோ குறைந்தது. தூறலில், மேட்டுப் பாதையில், அத்தனை தூரம் ஓடிவந்த பிள்ளை. மூச்சு வாங்குகிறது, கன்னம் சிவந்திருக்கிறது, கழுத்தெல்லாம் நனைந்திருக்கிறது. ஆனால் அந்த வேர்வையில் உப்பில்லை. விளையாட்டுக்குச் செய்வதுபோல மறுபடியும் நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தாள். பச்சைத் தண்ணீரை நக்கியது போலத்தான் இருந்தது.

"கூசுதும்மா" என்று நெளிந்து கழன்றுகொண்ட பிள்ளை, புத்தகப்பையைக் கீழே போட்டுவிட்டு நேரே பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கு ஓடினாள்.

"சித்தி! தண்ணி!"

அந்த இரண்டு சொல்லையும் சேர்த்துக் கேட்டாலே மீனம்மாவுக்கு அடிவயிறு எரியும். பெற்றவள் மலை ஊற்றுப் பீலியில் வரிசை நின்று பிடித்து, இடுப்பொடியச் சுமந்து வந்து, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் இங்கே குடத்தில் மூடிக் கிடக்கிறது. அது இந்த மகாராணிக்குத் தொண்டையில் இறங்காதாம். சித்தி வீட்டுத் தண்ணீர்தான் இறங்குமாம்.

பக்கத்துக் காம்பரா அவளுடைய கொழுந்தன் பிரதாப்புடையது. அவன் அரபு நாட்டில் ஒரு அணுமின் நிலையத்தில் வேலை செய்கிறான். அணு என்று கேட்டதும் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்ட லயங்களெல்லாம் வாயைப் பிளந்தன. அவன் பார்ப்பதோ தண்ணீர் சுத்தம் பண்ணுகிற வேலை. போன சித்திரைக்கு லீவில் வந்தவன், மீனம்மாவின் புருஷன் யோகேஸ்வரனைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தான்.

"கடல் தண்ணிய எடுத்து, மணல்ல வடிப்போம்ண்ணே. அப்புறம் சவ்வுல போட்டு அமுக்கி உப்ப எடுப்போம். தண்ணியில கரைஞ்சிருக்கிற காத்தக்கூட விடமாட்டோம். அதுக்கும் தப்பிச்சு ஏதாச்சும் இருந்திச்சின்னா, இந்த ரெசின் மணி புடிச்சி வச்சுக்கிரும். கடைசில தண்ணிக்குள்ள தண்ணியத் தவிர ஒண்ணும் இருக்காது."

"அம்புட்டு சுத்தம் எதுக்குடா?"

"உப்பு கொஞ்சம் இருந்தாலே உள்ள இருக்கிற குழாயத் தின்னுருமே. அங்கெல்லாம் குழாய் ஓட்டையானா விளையாட்டா?"

"அப்ப குடிச்சா தேனா இருக்குமே!"

"ஐயோ, அது குடிக்கிறதுக்கு இல்ல. நாங்க அதப் பசி தண்ணின்னுதான் சொல்லுவோம். அதுக்குள்ள ஒண்ணும் இல்லல்ல? அதான், தொட்டதுல இருந்தெல்லாம் எடுத்துக்கப் பாக்கும்."

இரண்டு பால்மா டின் நிறைய அந்த மணிகளைக் கொண்டுவந்திருந்தான். சவ்வரிசி அளவு, தேன் நிறம். புதுசுதான், அணு உலைப் பக்கமே போகாதது என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். ஆள் உயரத் தெளிந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் அவற்றைக் கொட்டி, மேலே ஒரு நீலப் பீப்பாய், கீழே ஒரு பித்தளைப் பைப் என்று பின்பக்கத் தாழ்வாரத்தில் பூட்டிவிட்டான். டவுனில் த்ரீவீல்காரர்களுக்கும் லொறிக்காரர்களுக்கும் பேட்டரித் தண்ணீர் வேண்டும். பெண்டாட்டி ஷாமிலா போத்தலில் அடைத்து விற்றால் கைச்செலவுக்கு ஆகும் என்பது அவன் கணக்கு.

புறப்படுகிற அன்று பெண்டாட்டிக்கு அவன் சொல்லிக் கொடுத்தது மீனம்மாவின் காதிலும் விழுந்தது. லயத்துச் சுவரைத் தாண்டி எது விழாமல் இருக்கும்?

"உப்புத் தண்ணி மட்டும் இதுல ஊத்திராத. புடிச்சு வச்சிருக்கிறத எல்லாம் ஒரே மூச்சுல கக்கிப்புடும்."

அவன் போனான். ஷாமிலாவின் ராஜ்ஜியம் தொடங்கியது. முதலில் அந்தத் தண்ணீரில் முகம் கழுவினாள். ஆளே பளபளவென்று ஆனாள். பிறகு தேத்தண்ணீர் போட்டாள். பிறகு என்ன, குடிக்கவும் அதுதான். வந்தவர்களெல்லாம் கண்ணாடிக் குவளையைத் தூக்கிப் பார்த்து, குவளை வெறுமனேயா இருக்கிறது, நிறைந்தா இருக்கிறது என்று கேட்டுச் சிரித்தார்கள். ஷாமிலாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். மீனம்மாவின் கொதிதண்ணீரை யார் திரும்பிப் பார்த்தார்கள்?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சிவப்புத் தோலை, வெளிநாட்டுப் புருஷனை, ராத்திரி ஆனால் போனில் தெரிகிற அவன் முகத்தை, எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளையையும் இழுத்து வைத்துக்கொண்டால்? நிலக்ஷி அங்கேதான் சாப்பிடுகிறாள், அங்கேதான் படம் கீறுகிறாள், அங்கேதான் குளிக்கிறாள். தாழ்வாரத்தில் பெரிய அலுமினியத் தாச்சியில் உட்காரவைத்து ஷாமிலா தலைக்கு ஊற்றுவதை, மீனம்மா தன் பக்கத்துக் கதவிடுக்கு வழியாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். குளிப்பாட்டி முடித்ததும் ஷாமிலா அந்தத் தண்ணீரைக் கொட்டமாட்டாள். வாளியில் மொண்டு மொண்டு மறுபடி நீலப் பீப்பாயிலேயே ஊற்றுவாள்.

"பீலிக்கு எத்தன நடதான் நடக்கிறதுக்கா?" என்று ஒருநாள் சிரித்தாள். "அவுங்க வேல செய்ற எடத்துலயும் ஒரே தண்ணிதான் சுத்திச் சுத்தி வருமாம். எப்புடியும் இது சுத்தம் பண்ணிருதே."

பிள்ளையின் அழுக்கு அந்த மணிகளுக்குள் போனது. மறுபடி அதே தண்ணீர் பிள்ளையின் மேல் இறங்கியது. அதையே அவள் குடித்தாள்.

கழுத்தில் உப்பில்லாமல் போன அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு, மீனம்மாவின் கண் பிள்ளையை விட்டு நகரவில்லை. பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. வெள்ளைச் சீருடையின் காலரில் அழுக்கு ஏறுவதில்லை. தலையணையில் மூக்கை வைத்து இழுத்தால் எண்ணெய் வாசமோ எச்சில் வாசமோ கிடையாது, வெறும் பஞ்சுதான். பிறந்ததிலிருந்து பிள்ளையின் காலடியிலேயே சுருண்டு கிடந்த லயத்து நாய், ஒருநாள் அவளைக் கடந்து போய் அவளைத் தேடிக்கொண்டு நின்றது. மழைக்கு மலைப் பக்கம் போனால் மற்றவர் காலிலெல்லாம் அட்டை கொத்துக் கொத்தாக ஏறும். நிலக்ஷியின் காலில் ஏறிய ஒற்றை அட்டை தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் அசைத்துவிட்டு, கல்லில் ஏறுவதுபோல மேலே போய், மறுபக்கம் இறங்கிப் போய்விட்டது.

அன்று மீனம்மா பிள்ளையின் கையைப் பிடித்து வீடு வரைக்கும் விடாமல் நடத்திவந்தாள்.

"இனி அங்கிட்டுப் போகக்கூடாது" என்று பிள்ளையைக் கதவுக்குள் இழுத்துப் போட்டாள். குடத்துத் தண்ணீரைக் குவளையில் ஊற்றி வாயில் வைத்தாள். நிலக்ஷி ஒரு மடக்குக் குடித்து, முகத்தைச் சுளித்து, அப்படியே துப்பினாள்.

"ஒங்க வீட்டுத் தண்ணி கசக்குது."

ஒங்க வீடு! கை தானாக ஓங்கியது. அடி விழுந்தது. பிள்ளை அழுதாள். அழுகைச் சத்தம் இருந்தது, ஆனால் பக்கத்து அறையில் யாரோ அழுவதுபோல இருந்தது. மீனம்மா அள்ளி அணைத்து, கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் தன் உதட்டால் துடைத்தாள். அதிலும் ஒன்றுமில்லை.

அவள் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். தேயிலை ஸ்டோரில் தூள் சலித்துவிட்டு வந்த அலுப்பில் இருந்தான் அவன். "ஒனக்கு அவ மேல பொறாம, மீனா. புள்ளைக்கு வேர்வ கரிக்கலன்னு யாராச்சும் சண்ட போடுவாங்களா?" என்றான். பொறாமைதான். இல்லையென்று அவள் சொல்லவில்லை. பொறாமைப்படுகிறவள் கண்ணுக்குத் தெரிவது பொய்யாகிவிடுமா?

கொழுந்து பறிக்கிற மலையில் பக்கத்து நிரையில் நின்ற ராசம்மாவிடம் சொன்னபோதுதான் ஒரு வழி கிடைத்தது. ராசம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"கண்ணு பட்டிருக்குடி. ஞாயித்துக்கிழம பொழுது சாயிற நேரம் உப்பு சுத்திப் போடு."

"யாரு கண்ணுன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா? பெத்தவ கண்ணும் படும். அதுதான் லேசுல போகாது. நீ எந்நேரமும் அந்தப் புள்ளையவே பாத்துக்கிட்டு இருக்கியே, அதையும் சேத்துச் சொல்லிச் சுத்து. சுத்துன உப்ப ஓடுற தண்ணியில கரைச்சு விட்டுறணும். வீட்டுக்குள்ள வச்சிறாத."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. யோகேஸ்வரனுக்கு ஸ்டோரில் ஓவர்டைம். ஷாமிலா போத்தல்களைப் பையில் அடுக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸுக்குப் போயிருந்தாள். போகும்போது, "வந்ததும் குளிப்பாட்டி விடுறேன்டி தங்கம்" என்று நிலக்ஷியின் தாடையைத் தொட்டுக் கொஞ்சிவிட்டுத்தான் போனாள். அந்தத் தங்கம் மீனம்மாவின் காதிலேயே கிடந்தது.

பொழுது சாயும் நேரம் மீனம்மா கல்லுப்பை இரண்டு கையிலும் அள்ளினாள். மூன்று காய்ந்த மிளகாயும் வைத்தாள். பிள்ளையை வாசற்படியில் கிழக்கே பார்த்து உட்காரவைத்தாள். வெளியே பனி, தேயிலை மலையை மேலிருந்து கீழாகத் தின்றுகொண்டு வந்தது. அந்த வெளுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையின் காது மடலில் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. காது மடல் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தெரியும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கன்னத்திலும் தெரிந்தது.

"ஊரு கண்ணு, லயத்துக் கண்ணு, வந்தவ கண்ணு, போனவ கண்ணு" என்று சுற்றினாள். பெற்றவள் கண்ணு என்று சொல்ல வாய் வரவில்லை. அதை விட்டுவிட்டாள்.

ஓடுகிற தண்ணீரில் கரைக்க வேண்டும். பீலி ஓடிக்கொண்டுதான் இருந்தது, எட்டிப்போனால் வந்துவிடும். ஆனால் அவள் கால் அங்கே போகவில்லை. கையில் உப்பு கனத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பித்தளைப் பைப்பிலிருந்து ஒரு சொட்டு விழுகிற சத்தம் கேட்டது. டொக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, டொக். புடிச்சு வச்சிருக்கிறத எல்லாம் ஒரே மூச்சுல கக்கிப்புடும். கக்கட்டும். நாசமாய்ப் போகட்டும். ஷாமிலா வந்து பைப்பைத் திறந்தால் சாக்கடை வரட்டும். அப்புறம் எதைக் காட்டி என் பிள்ளையைக் கூப்பிடுவாள்?

ஷாமிலா வீட்டுப் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் பூட்டில்லை, வெறும் கொண்டிதான். உள்ளே ஈரச் சிமெண்டு மணத்தது. நீலப் பீப்பாயின் மூடியைத் தள்ளினாள். ஒரு வாளித் தண்ணீரில் உப்பையும் மிளகாயையும் போட்டு, கை எரிய எரியக் கலக்கினாள். வீட்டிலிருந்து உப்பு டப்பாவையும் எடுத்துவந்து அப்படியே கவிழ்த்தாள். தூக்கி ஊற்றினாள். கீழே பைப்பை முழுதாகத் திறந்துவிட்டாள்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. தெளிந்த தண்ணீர் சீராக விழுந்து, சாக்கடை வாய்க்கால் வழியாக வெளியே போனது.

பிறகு குழாய்க்குள் மணிகள் அசைந்தன. சோற்றுப்பானை கொதி வருவதற்கு முன் அடியில் ஒரு முனகல் வருமே, அந்தச் சத்தம் எழுந்தது. மேலிருந்து ஒரு பழுப்பு நிறம், மணி மணியாக, கீழே இறங்கியது. அது பைப்பை எட்டியதும் தாழ்வாரத்தில் மணம் வந்தது. சாக்கடை மணம் இல்லை. தேங்காய் எண்ணெய். அதற்கடியில் பள்ளிக்கூடத்து மண். பேபி பவுடர். காய்ச்சல் வந்த நெற்றியின் புளித்த வேர்வை. பிறகு, பால் கக்கின வாய் மணம்.

இந்த மணத்தை அவள் மறந்தே போயிருந்தாள். எப்போது மறந்தாள்? எப்போது அது பிள்ளையை விட்டுப் போனது?

தண்ணீர் கலங்கலாக விழுந்தது. விழுகிற சத்தத்துக்குள் வேறொரு சத்தம் இருந்தது. முதலில் சிரிப்பு. பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கிற குரல். பிறகு அவள் அடித்த அன்று அழுத அழுகை, முழு அழுகை, காது கிழிகிற மாதிரி.

"அம்மா."

அது பைப்பிலிருந்து வந்தது. சிமெண்டில் பட்டுச் சிதறி, வாய்க்காலில் ஓடி, ஓட்டை வழியாக வெளியே போனது.

மீனம்மா மண்டிபோட்டு விழுந்தாள். இரண்டு கையையும் ஏந்தினாள். விரலிடுக்கில் வழிந்தது. சேலையைச் சுருட்டி ஓட்டையை அடைத்தாள். சேலை ஊறியது, வழிந்தது. பைப்பைத் திருகினாள். வழுக்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது, மூடவில்லை. கையில் தேங்கியதை நாக்கில் வைத்தாள்.

உப்பு.

அவள் கொட்டிய உப்பு இல்லை. அவளுக்குத் தெரியாதா? அது பிள்ளையின் உப்பு.

"அக்கா! என்னக்கா பண்ணிட்டீங்க?"

ஷாமிலா வாசலில் நின்றாள். பை கீழே விழுந்தது. அவளுக்கும் கேட்டிருந்தது. முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் அவள் நின்று யோசிக்கவில்லை, ஓடிவந்து வாளியைத் தூக்கினாள்.

"தள்ளுங்கக்கா. புடிச்சு வைப்போம். இதுலயே புள்ளையக் குளிப்பாட்டுவோம், திரும்பிப் போயிரும். தள்ளுங்க, ஓடுதுக்கா, எல்லாம் ஓடுது!"

சரியான யோசனைதான். மீனம்மாவுக்கும் அது தெரிந்தது. அந்த ஒரு நொடியில் நன்றாகவே தெரிந்தது.

ஆனால் அந்த வாளி. ஷாமிலாவின் வாளி. ஷாமிலாவின் கை. மறுபடியும் அவள் குளிப்பாட்டுவாள். அவளால்தான் பிள்ளை திரும்பக் கிடைத்தாள் என்று லயம் முழுக்கப் பேசும்.

"எம் புள்ள" என்றாள் மீனம்மா. "ஒனக்கு ஒரு சொட்டு கிடையாது."

வாளியை எட்டி உதைத்தாள். பித்தளைப் பைப்பை இரண்டு கையாலும் பற்றி, வாயை அதில் பொருத்திக்கொண்டாள்.

குடித்தாள்.

ஷாமிலா தோளைப் பிடித்து இழுத்தாள். தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். மீனம்மா விடவில்லை. எண்ணெய் இறங்கியது. பால் இறங்கியது. சிரிப்பு தொண்டையில் முட்டி இறங்கியது. மூக்கால் வழிந்ததை உறிஞ்சினாள். மூச்சு முட்டியது. இன்னும் குடித்தாள். வயிறு கல்லாகக் கனத்தது. இன்னும். கடைசியில் பைப் காற்றை இழுத்து இருமியது. ஒரு சொட்டு. அதையும் நக்கினாள்.

ஷாமிலாவின் பிடி தளர்ந்திருந்தது. அவள் மீனம்மாவைப் பார்க்கவில்லை. தாழ்வாரத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீனம்மா வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

நிலக்ஷி வாசலில் நின்றாள். சிவப்பு கவுன் மட்டும் கெட்டியாகத் தெரிந்தது. அதற்கு மேலே, முகம் இருந்த இடத்தில், முகத்தின் வடிவில், தேயிலை மலை தெரிந்தது. மலையின் மேல் பனி நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் குவளையில் தண்ணீர் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறவள்போல மீனம்மா உற்று உற்றுப் பார்த்தாள். ஒரு வாயின் ஓரம் தெரிந்தது. அது திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. சத்தம் வரவில்லை.

பயம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அதையும் மீறி, வெட்கமே இல்லாமல், ஒரு நிம்மதியும் வந்தது. மீனம்மா தன் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். உள்ளே இருக்கிறாள். எல்லாம் உள்ளேதான் இருக்கிறது. இனி எந்தக் காம்பராவுக்கும் ஓடமாட்டாள்.

"பாப்பா" என்று மெல்லக் கூப்பிட்டாள். "அம்மாகிட்ட பேசுடி."

வாசலில் அந்த வாய் திறந்தது.

மீனம்மாவின் விலா எலும்புக்கடியில், உள்ளிருந்து, ஒரு சின்னக் கை தட்டியது. பிறகு குரல் வந்தது. மேடு ஏறி ஓடிவந்த மூச்சிரைப்போடு, தெளிவாக, தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

"சித்தி! தண்ணி!"